வீட்டு நெட்வொர்க்கில் ஐபி முகவரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐபி முகவரி என்பது நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்தையும் அடையாளம் காட்டும் எண். கீழே உள்ள எடுத்துக்காட்டுகள் எல்லாம் 192.168.1.1 என்ற முகவரியில் இருக்கும் ரூட்டரை வைத்துச் சொல்லப்பட்டவை. உங்கள் ரூட்டர் 192.168.0.1 அல்லது 10.0.0.1 என்று இருந்தால் எண்ணை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். மெனுவின் பெயர்கள் ரூட்டருக்கு ரூட்டர் மாறும், உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான்.

வீட்டில் ஒவ்வொரு சாதனத்துக்கும் முகவரி கொடுப்பது யார்?

ரூட்டர். அதற்குள் டிஹெச்சிபி சர்வர் என்ற சிறிய நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. போன் வைஃபையில் சேர்ந்ததும் "இங்கே முகவரி கொடுக்க யாராவது இருக்கிறீர்களா?" என்று நெட்வொர்க் முழுவதும் கேட்கும்படி கூவுகிறது. ரூட்டர் ஒரு முகவரியைக் காட்டி "இது வேண்டுமா?" என்கிறது. போன் "அதையே கொடு" என்கிறது. ரூட்டர் "எடுத்துக்கொள்" என்று உறுதி செய்கிறது. நான்கே செய்திகள், பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். முகவரியோடு இன்னும் மூன்று விவரங்கள் சேர்ந்து வரும்: சப்நெட் மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி எல்லாச் சாதனத்துக்கும் பொது என்று சொல்லும் எண்), கேட்வே (வெளியே போகும் வாசல், அதாவது ரூட்டர்), டிஎன்எஸ் சர்வர் (இணையதளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது).

முகவரி சொந்தமாகக் கிடைப்பதில்லை, வாடகைக்குத்தான். அந்த வாடகைக் காலத்துக்குப் பெயர் லீஸ். பாதிக் காலம் ஓடியதும் சாதனம் தானாகவே ரூட்டரிடம் போய்ப் புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் எட்டில் ஏழு பங்கு காலம் ஆனதும் மறுபடி எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். அப்போதும் பதில் இல்லை, லீஸும் முடிந்தது என்றால் முகவரியைக் கைவிட வேண்டும்.

எல்லா வீட்டிலும் 192.168 என்றே தொடங்குகிறதே, மோதிக்கொள்ளாதா?

மோதாது. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் மூன்று தொகுதிகளைத் தனியார் பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கியது: 10.0.0.0 முதல் 10.255.255.255 வரை, 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை, 192.168.0.0 முதல் 192.168.255.255 வரை. இந்த எண்கள் வெளி இணையத்தில் செல்லுபடியாகாது. வீட்டு எண் 12 எல்லாத் தெருவிலும் இருப்பது போலத்தான். உங்கள் ரூட்டர் வெளியே போகும்போது இணைய நிறுவனம் தந்த ஒரே ஒரு முகவரியைப் போட்டுக்கொள்கிறது.

எல்லாம் தானாக நடக்கிறதென்றால் நான் ஏன் கைவைக்க வேண்டும்?

போன், டேப்லெட், டிவி, லேப்டாப் இவற்றுக்குக் கைவைக்கவே வேண்டாம். அவை மற்றவற்றைத் தேடிப் போகிறவை; அவற்றைத் தேடி யாரும் வருவதில்லை. முகவரி நாளுக்கு ஒன்றாக மாறினாலும் கவலை இல்லை.

மற்றவை தேடி வரும் சாதனங்களுக்குத்தான் மாறாத முகவரி வேண்டும். பிரிண்டர், நாஸ் எனப்படும் வட்டுப் பெட்டி, சிசிடிவி கேமரா, கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் என்விஆர், விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் சர்வர், போர்ட் பார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது) செய்த எந்தக் கருவியும். இரண்டு மாதம் நன்றாக ஓடிய பிரிண்டர் ஒருநாள் திடீரென்று 'ஆஃப்லைன்' என்று காட்டினால், பழுது பிரிண்டரில் இருப்பது அரிது. 192.168.1.105-இல் இருந்தது மின்சாரம் போய் வந்தபின் 192.168.1.112-க்குக் குடிபோயிருக்கும்; கணினி இன்னும் பழைய வாசலைத் தட்டிக்கொண்டிருக்கும். டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினால் சரியாகிவிடும்தான், ஆனால் அடுத்த முறை முகவரி மாறும்வரைதான்.

மாறாத முகவரியை ரூட்டரில் ஒதுக்குவதா, சாதனத்திலேயே எழுதுவதா?

ரூட்டரில் ஒதுக்குங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பின்பற்றுவீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ரூட்டரில் ஒதுக்குவது என்றால், "இந்த மேக் முகவரி உள்ள சாதனம் கேட்டால் எப்போதும் இந்த ஐபியைக் கொடு" என்று ரூட்டரிடம் சொல்லிவைப்பது. மேக் முகவரி என்பது தயாரிப்பாளர் ஒவ்வொரு கருவியிலும் பதித்த அடையாள எண். சாதனம் தானியங்கி நிலையிலேயே இருக்கும், வழக்கம்போல் கேட்டு வாங்கும். ரூட்டர் கொடுப்பது மட்டும் மாறாது.

சாதனத்தில் எழுதினால் என்ன கெடும்? முதலாவது, எழுதியது ரூட்டருக்குத் தெரியாது. அதே எண்ணை இன்னொரு போனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடலாம். இரண்டாவது, ரூட்டரை மாற்றினால், அல்லது அதன் முகவரி வரிசையை மாற்றினால், கையால் எழுதிய ஒவ்வொரு கருவியும் அனாதையாக நிற்கும். கூரையில் மாட்டிய கேமராவை இறக்கி ரீசெட் பட்டனை அழுத்த வேண்டிவரும். மூன்றாவது, லேப்டாப்பில் அடாப்டரின் பண்புகளுக்குள் எழுதிய முகவரி எங்கே போனாலும் கூடவே வரும். வீட்டில் நன்றாக வேலை செய்யும், வேறு இடத்து வைஃபையில் இணையம் வராது, காரணமும் பிடிபடாது.

விதிவிலக்குகள் உண்டு. ரூட்டர் தன் முகவரியைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்டாக (வைஃபையை மட்டும் பரப்பும் கருவியாக) போட்டிருந்தால் அதற்கும் கையால் எழுதுவதே வழக்கம். டிஎன்எஸ் சர்வர் ஓட்டும் சிறு கணினிக்கும் சிலர் கையால் எழுதுவார்கள். ரூட்டர் எழுந்திருக்கும் முன்பே அது தயாராக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம், தவறில்லை.

ரூட்டரில் ஒதுக்குவது எப்படி?

முதலில் சாதனத்தை இணைத்து, தானாகவே ஒரு முகவரி வாங்க விடுங்கள். பிறகு உலாவியில் 192.168.1.1 என்று தட்டி ரூட்டருக்குள் நுழையுங்கள். 'லேன்' (வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க்) அல்லது 'டிஹெச்சிபி' என்ற பகுதியில், இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பெயர், ஐபி, மேக் முகவரி மூன்றும் தெரியும். மேக் முகவரி என்பது 48 பிட் நீளமுள்ள, இரண்டிரண்டாகப் பிரித்து எழுதிய 12 குறிகள்.

ஒதுக்கும் பக்கத்துக்கு 'அட்ரஸ் ரிசர்வேஷன்', 'ஸ்டேட்டிக் லீஸ்', 'மேக் பைண்டிங்' என்று பல பெயர்கள். அங்கே 'ஆட்' கொடுத்து, மேக் முகவரியைப் பட்டியலிலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள். கையால் தட்டினால் 8-க்குப் பதில் பி விழும், பிறகு அரை மணி நேரம் தேடுவீர்கள். வேண்டிய ஐபியைக் கொடுத்துச் சேமியுங்கள்.

இதோடு முடிந்தது என்று எழுந்துபோவதுதான் பலர் செய்யும் தவறு. சாதனத்தின் கையில் பழைய லீஸ் இன்னும் இருக்கிறது. அது புதிதாகக் கேட்கும்வரை பழைய எண்ணிலேயே இருக்கும். சாதனத்தை ஒருமுறை அணைத்து இயக்குங்கள், அல்லது வைஃபையைத் துண்டித்து இணையுங்கள். விண்டோஸ் என்றால் கட்டளைத் திரையில் 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்', அடுத்து 'ஐபிகான்ஃபிக் /ரினியூ'. ஆப்பிளின் மேக் கணினியில் டிசிபி/ஐபி பகுதியில் 'ரினியூ டிஹெச்சிபி லீஸ்' என்று ஒரு பட்டனே இருக்கிறது. பிறகு ரூட்டரின் பட்டியலைப் புதுப்பித்து, புதிய எண் வந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள்.

எந்த எண்ணை எதற்குக் கொடுப்பது? ஏதாவது ஒழுங்கு உண்டா?

விதி என்று எதுவும் இல்லை, ஆனால் ஒரு ஒழுங்கு இருந்தால் இரண்டு வருடம் கழித்து நீங்களே உங்களுக்கு நன்றி சொல்வீர்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்கள் எல்லாச் சாதனத்துக்கும் பொது. கடைசி எண்தான் ஆளுக்கு ஆள் மாறுவது. அதில் 0 நெட்வொர்க்கின் பெயர், 255 எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடும் முகவரி. இரண்டையும் விட்டால் 1 முதல் 254 வரை உங்களுடையது.

ஒரு வீட்டுக்கான பிரிப்பு இப்படி இருக்கலாம்:

1 – ரூட்டர்
2 முதல் 9 – ஆக்சஸ் பாயின்ட், சுவிட்ச் போன்றவை
10 முதல் 19 – நாஸ், சிறு சர்வர்கள்
20 முதல் 29 – பிரிண்டர், ஸ்கேனர்
30 முதல் 59 – கேமராக்கள், என்விஆர்
60 முதல் 99 – ஸ்மார்ட் பல்பு, பிளக், ஏசி
100 முதல் 220 – ரூட்டர் தானாகக் கொடுக்கும் வரிசை

பட்டியலில் '192.168.1.34 பதில் தரவில்லை' என்று பார்த்த உடனே அது ஒரு கேமரா என்று புரியும். அதுதான் இதன் லாபம். 221-க்கு மேலே காலியாக விட்டிருப்பது, எதையாவது அவசரமாகக் கையால் போட்டுச் சோதிக்க.

ஒரு எச்சரிக்கை: ஒதுக்கும் எண் தானியங்கி வரிசைக்குள் இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்பதில் ரூட்டர்கள் ஒத்துப்போவதில்லை. சில ரூட்டர்கள் வெளியே இருந்தாலும் ஏற்கும், சில "வரிசைக்குள் இல்லை" என்று அடம்பிடிக்கும். அப்படி அடம்பிடித்தால் வரிசையை 10-இலிருந்து 220 வரை என்று விரித்துவிட்டு அதற்குள்ளேயே ஒதுக்குங்கள். ஒதுக்கிய எண்ணை ரூட்டர் வேறு யாருக்கும் கொடுக்காது என்பதால் ஆபத்தில்லை. ஆனால் சாதனத்திலேயே கையால் எழுதும் எண் மட்டும் எப்போதும் வரிசைக்கு வெளியே இருந்தே தீர வேண்டும்.

ஒதுக்கிவிட்டேன், சாதனத்தையும் அணைத்து இயக்கினேன். அப்படியும் வேறு எண்தான் வருகிறது. ஏன்?

பெரும்பாலும் காரணம், ரூட்டரில் பதிந்த மேக் முகவரி ஒன்று, சாதனம் காட்டுவது வேறொன்று. லேப்டாப்பில் வைஃபைக்கு ஒரு மேக், கேபிள் போர்ட்டுக்கு இன்னொரு மேக். யூஎஸ்பியில் செருகும் நெட்வொர்க் அடாப்டருக்கோ அதன் சொந்த மேக். அதைக் கழற்றி வேறு கணினியில் செருகினால் ஒதுக்கீடும் அதோடு போய்விடும். நாஸ் பெட்டியில் இரண்டு போர்ட் இருந்தால் இரண்டு மேக். இரண்டையும் ஒதுக்க வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள், ஒரே எண்ணை இரண்டுக்கும் கொடுக்காதீர்கள்.

அடுத்த காரணம், அந்த எண்ணை வேறொரு சாதனம் ஏற்கெனவே பிடித்து வைத்திருப்பது. பல ரூட்டர்கள் ஒரு முகவரியைக் கொடுக்கும் முன் அங்கே யாராவது இருக்கிறார்களா என்று தட்டிப் பார்க்கும். பதில் வந்தால் கொடுக்காது.

மூன்றாவது காரணம், வீட்டில் இரண்டு டிஹெச்சிபி சர்வர் ஓடுவது. அதைக் கீழே இரண்டாவது ரூட்டர் பற்றிய கேள்வியில் பாருங்கள்.

போனுக்கு ஒதுக்கினால் நிற்கவே மாட்டேன் என்கிறது. பட்டியலில் அதே போன் நான்கு முறை வருகிறது.

போன்கள் இப்போது உண்மையான மேக் முகவரியைக் காட்டுவதில்லை. ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும், ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் முகவரியை உருவாக்கிக் காட்டுவதுதான் இயல்பு நிலை. கடை, விமான நிலையம் என்று போகும் இடமெல்லாம் உங்களைப் பின்தொடராமல் இருக்க வந்த நல்ல ஏற்பாடு இது. பெரும்பாலும் வீட்டு வைஃபைக்கு அந்தப் போலி எண் மாறாமலே இருக்கும். ஆனால் 'இந்த வைஃபையை மற' என்று கொடுத்துச் சேர்ந்தாலோ, போனை ரீசெட் செய்தாலோ, சுழற்சி முறையைத் தேர்ந்திருந்தாலோ மாறலாம்.

பட்டியலில் போலியைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. மேக் முகவரியின் இரண்டாவது குறியைப் பாருங்கள். அது 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் தயாரிப்பாளர் பதித்த எண் அல்ல, கருவி தானே உருவாக்கிக்கொண்டது.

போனுக்கு நிலையான முகவரி வேண்டியதில்லை என்று மேலே சொன்னோம். குழந்தையின் போனுக்கு நேரக் கட்டுப்பாடு வைப்பது போன்ற காரணம் இருந்தால் மட்டும், உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் இதை அணையுங்கள். ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் விவரத்துக்குள் 'பிரைவசி' என்ற இடத்தில் 'டிவைஸ் மேக்' என்று மாற்ற வேண்டும். ஐபோனில் அதே வைஃபைக்கு அருகிலிருக்கும் 'ஐ' குறியைத் தொட்டால் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' தெரியும். ஐஓஎஸ் 18-இல் அதற்கு மூன்று நிலைகள்: ஆஃப், ஃபிக்ஸ்டு, ரொட்டேட்டிங். ஒதுக்கீட்டுக்கு ஃபிக்ஸ்டு போதும், ஆஃப் வரை போகத் தேவையில்லை.

சாதனத்திலேயே எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எதை எதை எழுதுவது?

நான்கு இடங்கள். ஐபி முகவரி: வரிசைக்கு வெளியே உள்ள ஒரு எண், உதாரணமாக 192.168.1.25. சப்நெட் மாஸ்க்: 255.255.255.0. சில இடங்களில் இதற்குப் பதிலாக 'பிரிஃபிக்ஸ் லெங்த்' என்று கேட்கும், அங்கே 24 என்று மட்டும் எழுதுங்கள், இரண்டும் ஒன்றுதான். கேட்வே: 192.168.1.1. டிஎன்எஸ்: அதே 192.168.1.1, அல்லது 1.1.1.1, 8.8.8.8 போன்ற பொது சர்வர்.

எதைத் தவறாக எழுதினீர்கள் என்பதை நோயின் அறிகுறியே சொல்லிவிடும். வீட்டுக்குள் பிரிண்டர் வேலை செய்கிறது, வெளி இணையம் மட்டும் இல்லை என்றால் கேட்வே தவறு. 8.8.8.8-ஐ பிங் செய்தால் (ஆள் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தால்) பதில் வருகிறது, எந்த இணையதளமும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் தவறு அல்லது காலி. எதுவுமே வேலை செய்யவில்லை, ரூட்டரையே பிங் செய்ய முடியவில்லை என்றால் ஐபியின் மூன்றாவது எண்ணைப் பாருங்கள், ரூட்டர் 192.168.1-இல் இருக்க நீங்கள் 192.168.0 என்று தட்டியிருப்பீர்கள்.

169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருக்கிறது. இது எங்கிருந்து வந்தது?

எங்கிருந்தும் வரவில்லை, சாதனம் தனக்குத் தானே வைத்துக்கொண்டது. கூவிக் கூவிப் பார்த்து யாரும் பதில் சொல்லாததால் 169.254.0.0 தொகுதியிலிருந்து ஒன்றைத் தேர்ந்துகொண்டது. எனவே இந்த எண்ணைச் சரிசெய்ய முயலாதீர்கள். டிஹெச்சிபி பதில் ஏன் வரவில்லை என்று தேடுங்கள்.

கேபிள் என்றால் இரண்டு முனையையும் கழற்றி மாட்டி, போர்ட்டில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வேறு சாதனங்களுக்கு முகவரி கிடைக்கிறதா? எதற்குமே கிடைக்கவில்லை என்றால் ரூட்டரில் டிஹெச்சிபி அணைந்திருக்கும் அல்லது ரூட்டர் தொங்கிப்போயிருக்கும். மற்றவற்றுக்குக் கிடைத்து இதற்கு மட்டும் இல்லை என்றால், வரிசை நிரம்பியிருக்கலாம், அல்லது மேக் வடிகட்டியில் இந்தக் கருவி தடுக்கப்பட்டிருக்கலாம். மின்சாரம் போய் வந்தபோது கணினி 20 நொடியில் எழுந்து ரூட்டர் 2 நிமிடத்தில் எழுந்தாலும் இதே நிலைதான். விண்டோஸ் 5 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டுப் பார்க்கும் என்பதால் கொஞ்சம் பொறுத்தால் தானே சரியாகும்.

'ஐபி முகவரி மோதல்' என்று வருகிறது. யார் மோதுகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரிண்டருக்கு 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். அச்சு சில நேரம் வருகிறது, சில நேரம் பாதியில் நிற்கிறது.

பிரிண்டரின் மின்சாரத்தையே அணையுங்கள். கணினியில் 192.168.1.20-ஐ பிங் செய்யுங்கள். அணைந்த பிரிண்டர் பதில் சொல்ல முடியாது. பதில் வந்தால் அங்கே வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். பதில் வராவிட்டாலும் உடனே முடிவுக்கு வரவேண்டாம். பல கருவிகளின் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் தராது. ஆனால் 'யார் இந்த எண்?' என்று ஏஆர்பி (ஐபிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்கும் முறை) மூலம் கேட்டால் பதில் தந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நெட்வொர்க்கிலேயே இருக்க முடியாது. எனவே பிங் முடிந்ததும் கட்டளைத் திரையில் 'ஏஆர்பி -ஏ' என்று தட்டுங்கள். 192.168.1.20-க்கு நேரே ஒரு மேக் முகவரி தெரியும். பிரிண்டரை அணைத்த பின்னும் அதன் பழைய மேக் கொஞ்ச நேரம் நினைவில் இருக்கும் என்பதால் சில நிமிடம் விட்டுப் பாருங்கள், அல்லது பிரிண்டரில் அச்சிட்ட நெட்வொர்க் விவரத் தாளில் உள்ள மேக்கோடு ஒப்பிடுங்கள். வேறு மேக் என்றால், அதன் முதல் 6 குறிகள் எந்தத் தயாரிப்பாளருடையவை என்று இணையத்தில் தேடினாலே ஆள் யாரென்று பாதி தெரிந்துவிடும்.

இந்த மோதல் மின்வெட்டுக்குப் பிறகு அதிகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. சில ரூட்டர்கள் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற கணக்கைத் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும். மின்சாரம் போனால் கணக்கும் போச்சு. யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த சாதனமோ பழைய எண்ணோடு தொடர்கிறது. ரூட்டர் அதே எண்ணைப் புதியவருக்கு நீட்டுகிறது. ஒதுக்கீடுகள் மட்டும் நிரந்தர நினைவகத்தில் இருக்கும், அழியாது.

இரண்டாவது ரூட்டர் வாங்கி மாடியில் வைத்தேன். மாடியில் இருக்கும் போனிலிருந்து பிரிண்டர் தெரியவில்லை.

இரண்டு ரூட்டரும் முகவரி கொடுக்கின்றன. மாடி ரூட்டரின் வேன் போர்ட்டில் (வெளி இணையக் கேபிளுக்கான துளை) கேபிளைச் செருகியிருப்பீர்கள். அதனால் மாடிக்கென்று தனி நெட்வொர்க் உருவாகிவிட்டது. இரண்டுமே 192.168.1 வரிசையில் இருந்தால் இன்னும் மோசம், வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஒரே எண்ணாகி இணையமே வராது.

இரண்டாவது ரூட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' இருந்தால் அதை இயக்குவதோடு வேலை முடிந்தது. இல்லாவிட்டால் கையால் செய்யலாம், எதை முதலில் செய்வது என்பது முக்கியம். முதலில் கணினியை அந்த ரூட்டரோடு மட்டும் கேபிளில் இணையுங்கள். அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். ரூட்டர் மறுதொடக்கம் ஆனதும் புதிய முகவரியில் உள்ளே போய் டிஹெச்சிபியை அணையுங்கள். இதைத் தலைகீழாகச் செய்து டிஹெச்சிபியை முதலில் அணைத்தால், முகவரி மாறிய பின் கணினிக்கு எண் கொடுக்க ஆளில்லாமல் 169.254-இல் போய் நிற்பீர்கள். கடைசியாக, முதல் ரூட்டரின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளை இரண்டாவதின் லேன் போர்ட்டில் செருகுங்கள். வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

லீஸ் காலம் எவ்வளவு வைப்பது?

24 மணி நேரம். வந்துபோகும் ஆட்கள் அதிகம் என்றால் 2 முதல் 4 மணி. மாற்றங்கள் செய்து சோதிக்கும் நாளில் மட்டும் 5 நிமிடம் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சாதனமாக அணைத்து இயக்கும் அலுப்பு மிச்சம். வேலை முடிந்ததும் பழையபடி மாற்ற மறக்காதீர்கள்.

முகவரிகள் தீர்ந்துபோகுமா?

254 தீராது. ஆனால் சில ரூட்டர்கள் தானியங்கி வரிசையை 100 முதல் 149 வரை என்று வெறும் 50 எண்களோடு அனுப்புகின்றன. ஸ்மார்ட் பல்புகளும் விருந்தினர் போன்களும் மேக் மாற்றும் போன்களும் சேர்ந்தால் ஒரு விசேஷ நாளில் 50 நிரம்பிவிடும்; போலி மேக் ஒவ்வொன்றும் லீஸ் முடியும்வரை ஒரு எண்ணை அடைத்துக்கொண்டிருக்கும். வரிசையை 220 வரை நீட்டினால் போதும். மாஸ்கை 255.255.254.0 என்று மாற்றி 510 ஆக்குவதெல்லாம் வீட்டுக்குத் தேவையில்லாத வேலை, அதுவும் கையால் எழுதிய கருவிகளில் பழைய மாஸ்க் இருந்தால் புதுத் தலைவலி.

அலுவலக விபிஎன் போட்டால் வீட்டு நாஸ் மறைந்துவிடுகிறது. சம்பந்தம் உண்டா?

உண்டு. விபிஎன் உங்கள் கணினியை இணையம் வழியாக அலுவலக நெட்வொர்க்கோடு சேர்த்துவிடுகிறது. அலுவலகத்திலும் 192.168.1 வரிசை, வீட்டிலும் 192.168.1 வரிசை என்றால், 192.168.1.10 என்று கேட்கும்போது கணினி எந்தப் பக்கம் போகும்? ஒரு பக்கத்தை இழந்தே ஆக வேண்டும். அலுவலகத்தை மாற்றச் சொல்ல முடியாது, வீட்டை மாற்றலாம்.

192.168.0, 192.168.1, 10.0.0 மூன்றும் கூட்டம் நிறைந்தவை. 192.168.37 அல்லது 10.73.20 என்பது போல யாரும் எடுக்காததை எடுங்கள். 172.17 வேண்டாம், டாக்கர் என்ற மென்பொருளை ஓட்டும் கணினிகள் இயல்பாக அதைத்தான் உள்ளுக்குள் பயன்படுத்துகின்றன. மாற்றும் முன், கையால் எழுதிய கருவிகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தானியங்கிக்குத் திருப்புங்கள். பிறகு ரூட்டரின் லேன் முகவரியை 192.168.37.1 ஆக்குங்கள், ஒதுக்கீடுகளின் மூன்றாவது எண்ணைத் திருத்துங்கள், எல்லாவற்றையும் அணைத்து இயக்குங்கள். கணினியில் பிரிண்டரின் போர்ட், என்விஆரில் கேமராக்களின் முகவரி, போர்ட் பார்வர்டிங் விதிகள் இவற்றிலும் பழைய எண் ஒளிந்திருக்கும்.

போர்ட் பார்வர்டிங் சரியாகத்தான் வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து கேமரா திறக்கவில்லை.

உள்ளே கேமராவின் முகவரி மாறவில்லை என்று உறுதியானால், ரூட்டரின் வேன் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான தொகுதியில் இருந்தால், அல்லது 10, 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. உங்கள் ரூட்டரில் எத்தனை விதி எழுதினாலும் வெளியிலிருந்து வருவது உங்கள் வாசல்வரை வராது. பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது உள்ளிருந்து வெளியே போய் இணைப்பை ஏற்படுத்தும் விபிஎன் முறைக்கு மாற வேண்டும். கேமராவை நேரடியாக வெளியே திறந்துவைப்பதைவிட விபிஎன் எப்படியும் மேல்.

ஐபிவி6-க்கும் இப்படி ஒதுக்க வேண்டுமா?

வேண்டாம். இதுவரை பார்த்தது ஐபிவி4, அதன் அடுத்த தலைமுறைதான் ஐபிவி6. அதன் 128 பிட் முகவரியில் ஒவ்வொரு சாதனமும் ரூட்டர் அறிவிக்கும் முன்பாதியை எடுத்துக்கொண்டு பின்பாதியைத் தானே அமைத்துக்கொள்ளும். ஒரே கருவிக்கு மூன்று நான்கு முகவரி இருப்பதும், அதில் சில நாளுக்கு ஒருமுறை மாறுவதும் இயல்பு. இணைய நிறுவனம் முன்பாதியை மாற்றினால் எல்லாமே மாறும். வீட்டுக்குள் தேடிப் போக ஐபிவி4 ஒதுக்கீடே போதும்.

எண்ணை நினைவில் வைக்காமல் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாதா?

பல பிரிண்டர்களும் நாஸ் பெட்டிகளும் தங்கள் பெயரோடு '.லோக்கல்' சேர்த்துக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். ஒரே நெட்வொர்க்குக்குள் மட்டும்தான். விருந்தினர் வைஃபையிலிருந்து கேட்காது. பெயர் வேலை செய்கிறது என்பதற்காக ஒதுக்கீட்டை விட்டுவிட வேண்டாம். மலிவான கேமராக்களுக்கும் பழைய ஸ்கேனர்களுக்கும் பெயர் தெரியாது, எண்தான் தெரியும்.

ரூட்டரை மாற்றப் போகிறேன். இத்தனை ஒதுக்கீடும் என்னாகும்?

போய்விடும். ஒரு ரூட்டரின் பேக்கப் கோப்பை வேறு மாடல் ஏற்பது அபூர்வம். பழையதைக் கழற்றும் முன் ஒதுக்கீட்டுப் பக்கத்தையும் போர்ட் பார்வர்டிங் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேக் முகவரி முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள், சில ரூட்டர்கள் நெடுவரிசையின் ஓரத்தில் வெட்டிவிடும். புதிய ரூட்டரில் முதலில் லேன் முகவரியைப் பழையதைப் போலவே வையுங்கள், அடுத்து தானியங்கி வரிசை, அடுத்து ஒதுக்கீடுகள். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பாதுகாப்பு முறையையும் பழையபடியே, எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். இதெல்லாம் முடிந்தபிறகே பழையதை அணைத்துப் புதியதை அதன் இடத்தில் மாட்டுங்கள். பல்புகளும் கேமராக்களும் ரூட்டர் மாறியதைக்கூட அறியாமல் பழைய எண்ணிலேயே வந்து சேரும்.